விஎம்முக்குள் எல்எக்ஸ்சி கன்டெய்னர் எழவில்லையா? எந்தக் கர்னல் என்பதிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ், அதில் உபுண்டு 22.04 விஎம் (மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினி), அந்த விஎம்முக்குள் எல்எக்ஸ்சி (கன்டெய்னர்களை, அதாவது தனித்து ஓடும் குட்டி லினக்ஸ் சூழல்களை, ஓட்டும் கருவி). டெபியன் 12 கன்டெய்னர் உடனே எழுந்துவிடுகிறது. சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னரோ பட்டியலில் ‘ரன்னிங்’ என்று நிற்கிறது. ஐபி முகவரி வருவதில்லை, ஒரு சர்வீசும் ஓடவில்லை. பயாஸில் விடி-எக்ஸ் (விஎம் ஓட்ட சிபியு தரும் வசதி) போட்டாயிற்று, விர்ச்சுவல்பாக்ஸில் நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் போட்டாயிற்று, ராமை 8 ஜிபி ஆக்கியும் பார்த்தாயிற்று. விஎம்மை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, உங்கள் நண்பர்களுக்கு வேறு வேறு பிழை வருகிறது, பொதுவாக எப்படித் தேடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விஎம்மை அழிக்காதீர்கள். புதிதாகப் போட்டாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். டெபியன் எழுகிறது என்ற ஒரு விவரமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது: விஎம் சரியாக இருக்கிறது, எல்எக்ஸ்சி சரியாக இருக்கிறது, பிரிட்ஜ் (கன்டெய்னர்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் மெய்நிகர் பாலம்) சரியாக இருக்கிறது. சென்ட்ஓஎஸ் 7-க்கும் உங்கள் விஎம்மின் கர்னல் (லினக்ஸின் மையக்கரு) அமைப்புக்கும்தான் ஒத்துப்போகவில்லை.

கன்டெய்னருக்குச் சொந்தக் கர்னல் கிடையாது. இதைப் பலரும் படித்திருப்பார்கள், ஆனால் பிழை வந்ததும் மறந்துவிடுகிறார்கள். ஒரு விஎம் எழும்போது ஃபர்ம்வேர், க்ரப், கர்னல், இனிட்ராம்எஃப்எஸ், அப்புறம் சிஸ்டம்டி (மற்ற சர்வீஸ்களை எழுப்பும் முதல் புரோசஸ், அதாவது இனிட்) என்று வரிசையாக நடக்கும். கன்டெய்னர் எழும்போது கடைசிப் படி மட்டும்தான் நடக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் கர்னல், தனி நேம்ஸ்பேஸ்களும் (கன்டெய்னரை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் எல்லைகள்) சிகுரூப்பும் (சிபியு, நினைவகம் போன்றவற்றைப் பங்கிடும் வசதி) அமைத்து, கன்டெய்னரின் ரூட் அடைவுக்குள் இருக்கும் இனிட்டை 1-ஆம் எண் புரோசஸாக ஓடவிடுகிறது. அதனால் விடி-எக்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்எக்ஸ்சிக்கு ஒன்றுதான். நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் என்பது விஎம்முக்குள் இன்னொரு விஎம் ஓட்டுவதற்கு. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்களான எல்எக்ஸ்டியிலும் ப்ராக்ஸ்மாக்ஸிலும் ‘நெஸ்டிங்’ என்று ஒரு அமைப்பு இருப்பதால் குழப்பம் கூடுகிறது. அது கன்டெய்னருக்குள் ப்ராக், சிஸ் போன்ற கர்னல் கோப்பமைப்புகளைப் புதிதாக மவுண்ட் செய்ய அனுமதிப்பது. சிபியுவோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. புதிய சிஸ்டம்டி உள்ள கன்டெய்னர்கள் பாதியில் தடுமாறினால் இந்த நெஸ்டிங்கைப் போட்டுப் பார்ப்பதில் பொருள் உண்டு. விடி-எக்ஸில் இல்லை.

சரி, சென்ட்ஓஎஸ் 7-க்கு வருவோம். கர்னல் வளங்களைப் பங்கிடும் சிகுரூப்பில் இரண்டு தலைமுறை உண்டு. இரண்டாவது தலைமுறை நிலையானதாக அறிவிக்கப்பட்டது 2016-இல் வந்த கர்னல் 4.5-இல். ஃபெடோரா 31, டெபியன் 11, உபுண்டு 21.10 ஆகியவற்றிலிருந்து அந்தந்த விநியோகம் இரண்டாவதை மட்டுமே பயன்படுத்தி எழுகிறது. உங்கள் 22.04-உம் அப்படித்தான். சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது சிஸ்டம்டி 219, அது 2015-இல் வந்தது. எழுந்ததும் அது முதலில் செய்ய நினைக்கும் வேலையே பழைய பாணியில் சிகுரூப்பை மவுண்ட் செய்வது. கன்டெய்னருக்குள்ளிருந்து அதைச் செய்யக் கர்னல் விடுவதில்லை. உடனே சிஸ்டம்டி ‘ஃபெயில்டு டு மவுண்ட் ஏபிஐ ஃபைல்சிஸ்டம்ஸ்’ என்று எழுதிவிட்டு உறைந்துவிடுகிறது.

உறைந்துவிடுகிறது, ஆனால் சாகவில்லை. அதனால்தான் எல்எக்ஸ்சி ‘ரன்னிங்’ என்று காட்டுகிறது. 1-ஆம் எண் புரோசஸ் உயிரோடு இருந்தால் எல்எக்ஸ்சியைப் பொறுத்தவரை கன்டெய்னர் ஓடுகிறது. நீங்கள் அட்டாச் செய்து உள்ளே போனால் ஷெல்லும் கிடைக்கும், ஆனால் புரோசஸ் பட்டியலில் இனிட்டும் உங்கள் ஷெல்லும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். சிஸ்டம்சிடிஎல் அடித்தால் டி-பஸ் தொடர்பு கிடைக்கவில்லை என்று சொல்லும். இந்தக் காட்சியைப் பார்த்தால் நெட்வொர்க்கைத் தோண்டாதீர்கள். ஐபி வராததற்குக் காரணம் நெட்வொர்க் அல்ல, ஐபி கேட்க வேண்டிய சர்வீஸ் பிறக்கவே இல்லை.

உறுதிப்படுத்த ஒரு நிமிடம் போதும். கன்டெய்னரை நிறுத்திவிட்டு, எல்எக்ஸ்சி-ஸ்டார்ட் கட்டளையில் ஃபோர்கிரவுண்ட் ஆப்ஷனைச் சேர்த்து எழுப்புங்கள். இனிட் பேசுவது எல்லாம் உங்கள் திரையிலேயே வரும். முன்கூட்டியே இரண்டாவது டெர்மினல் ஒன்றைத் திறந்து வையுங்கள்; உறைந்துபோன இனிட் கன்ட்ரோல்-சியைச் சட்டை செய்யாது, அடுத்த டெர்மினலிலிருந்து எல்எக்ஸ்சி-ஸ்டாப்பை கில் ஆப்ஷனோடு அடித்துத்தான் வெளியே வர முடியும். அப்புறம் விஎம்மில் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் எந்தக் கோப்பமைப்பு என்று ஸ்டாட் கட்டளையிடம் கேளுங்கள். ‘சிகுரூப்2எஃப்எஸ்’ என்று வந்தால் இரண்டாம் தலைமுறை மட்டும் இருக்கிறது. ‘டிஎம்பிஎஃப்எஸ்’ என்று வந்தால் பழையது அல்லது கலப்பு.

தீர்வுக்கு மூன்று வழி இருக்கிறது. சென்ட்ஓஎஸ் 7-தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லையென்றால் அல்மாலினக்ஸ் 8 போடுங்கள். அதில் சிஸ்டம்டி 239 இருக்கிறது. 231-உம் அதற்கு மேலும் இரண்டாம் தலைமுறையில் எழும் என்பதுதான் ப்ராக்ஸ்மாக்ஸ் ஆவணம் தரும் கணக்கு. சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது. அதன் பேக்கேஜ்கள் வால்ட் என்ற பழஞ்சேமிப்புக்கு நகர்ந்துவிட்டதால், கன்டெய்னர் எழுந்த பிறகும் யம் கட்டளை உங்களைச் சோதிக்கும். முடிந்தால் இந்த வழியையே எடுங்கள்.

பழைய அப்ளிகேஷன் ஒன்று அதில்தான் ஓடும் என்றால் இரண்டாவது வழி: விஎம்மையே பழைய முறையில் எழுப்புவது. முதலில் ஸ்னாப்ஷாட். அப்புறம் /ஈடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில், கர்னலுக்குக் கொடுக்கும் வரியில் ‘சிஸ்டம்டி.யூனிஃபைடு_சிகுரூப்_ஹையரார்க்கி=0’ என்பதைச் சேர்த்து, அப்டேட்-க்ரப் ஓட்டி, ரீபூட் செய்யுங்கள். மாற்ற வேண்டியது விஎம்முக்குள். லேப்டாப்பில் எதையும் தொட வேண்டியதில்லை, கன்டெய்னருக்குள்ளும் தொட வேண்டியதில்லை. இந்த மாற்றம் விஎம்மில் உள்ள எல்லாக் கன்டெய்னரையும் பாதிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். டெபியன் 12 இரண்டு முறையிலும் எழும். ஆனால் சிஸ்டம்டி 256-லிருந்து பழைய முறையில் எழவே மறுக்கிறது, 258-இல் பழைய முறைக்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். அதனால் இன்று நீங்கள் பார்க்கும் கோளாறின் நேர் எதிர்க் கோளாறும் உண்டு: உபுண்டு 20.04 விஎம்மில் புதிய ஃபெடோரா கன்டெய்னர் எழ மறுக்கும். பழையதற்குத் தனி விஎம், புதியதற்குத் தனி விஎம் என்று பிரித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

மூன்றாவது, சென்ட்ஓஎஸ் 7-ஐக் கன்டெய்னராக இல்லாமல் முழு விஎம்மாகவே, உபுண்டு விஎம்முக்குப் பக்கத்தில் விர்ச்சுவல்பாக்ஸிலேயே போட்டுவிடுவது. அதற்குச் சொந்தக் கர்னல் 3.10 கிடைத்துவிடும், சண்டையே வராது. உபுண்டு விஎம்முக்குள்ளேயே எல்எக்ஸ்டி அல்லது அதிலிருந்து பிரிந்த இன்கஸ் வழியாக அதை விஎம்மாக ஓட்டவும் முடியும். நீங்கள் போட்டுவைத்த நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் அப்போதுதான் வேலைக்கு வரும்.

இனி பொதுவாகத் தேடுவது பற்றி. நான் பார்த்தவரை எல்லாரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள், லாகின் கடைசி வரியில். எல்எக்ஸ்சி-ஸ்டார்ட் தோற்றதும் திரையில் வருவது, கன்டெய்னர் எழவில்லை, மேலும் விவரத்துக்கு ஃபோர்கிரவுண்டில் ஓட்டிப் பார் என்ற பொதுவான செய்தி. சரி என்று லாக் எடுத்தால் கடைசியில், வேறொரு புரோசஸில் பிழை, எதிர்பார்த்த வரிசை எண் 4 அல்லது 5 என்று ஒரு வரி இருக்கும். அதைக் கூகுளில் போட்டால் ஆயிரம் பக்கம் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு காரணம் இருக்கும். ஏனென்றால் அந்த வரி எதையும் சொல்வதில்லை. உள்ளே ஒரு சின்ன வேலை தோற்றுப் போகும். அதை அழைத்த பகுதி ‘அமைக்க முடியவில்லை’ என்று எழுதும். அதற்கு மேலே இருப்பது ‘கன்டெய்னரைத் தயாரிக்க முடியவில்லை’ என்று எழுதும். கடைசியில் தாய்ப் புரோசஸ் ‘மறுபக்கம் போய்விட்டது’ என்று எழுதும். லாகை டீபக் அளவில் ஒரு கோப்புக்கு எழுத வைத்து, மேலிருந்து கீழே வந்து, ‘எரர்’ என்ற சொல் முதன்முதலில் எங்கே வருகிறதோ அங்கே நில்லுங்கள். அதற்கு முந்தைய ஐந்தாறு வரிகளையும் படியுங்கள். கோளாறின் வேர் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

அதோடு விஎம்மின் கர்னல் லாகையும் அதே நேரத்துக்குப் பாருங்கள். ஆப்ஆர்மர் (புரோசஸ்களுக்கு எல்லை வகுக்கும் பாதுகாப்பு வசதி) ஏதாவது மவுண்டை மறுத்திருந்தால் ‘டினைடு’ என்ற சொல்லும் ப்ரொஃபைல் பெயரும் அங்கேதான் பதிவாகும். நினைவகம் தீர்ந்து கர்னல் புரோசஸைக் கொன்றிருந்தால் அதுவும் அங்கேதான். கன்டெய்னருக்குள் தேடினால் இரண்டும் கிடைக்காது.

முதல் எரர் கர்னல் மாட்யூலைச் சுட்டினால், உதாரணமாக வீத் ஜோடி (கன்டெய்னரைப் பிரிட்ஜோடு இணைக்கும் மெய்நிகர் கேபிள்) உருவாக்க முடியவில்லை, ‘ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்’ என்று வந்தால், ஓடும் கர்னலின் பதிப்பை யூநேம் வைத்து எடுத்து, அதே பெயரில் /லிப்/மாட்யூல்ஸ் அடைவுக்குள் ஒரு அடைவு இருக்கிறதா என்று பாருங்கள். கர்னலைப் புதுப்பித்துவிட்டு ரீபூட் செய்யாமல் விட்டால் அது காணாமல் போயிருக்கலாம். ஆர்ச் லினக்ஸில் இது அடிக்கடி நடக்கும், பேக்கேஜ் புதுப்பித்ததுமே பழைய மாட்யூல்கள் போய்விடும். ஒரு ரீபூட்டில் சரியாகிவிடும். மெலிந்த கிளவுட் கர்னல்களில் சில மாட்யூல்கள் கட்டப்படாமலே இருக்கலாம். அதை எல்எக்ஸ்சி-செக்கான்ஃபிக் காட்டிக்கொடுக்கும்.

முதல் எரர் ‘பர்மிஷன் டினைடு’ என்றால் பெரும்பாலும் யூஐடி (பயனர் எண்) மேப்பிங். ரூட் உரிமை இல்லாத கன்டெய்னரில், உள்ளே இருக்கும் 0 எண் பயனர் வெளியே 100000 போன்ற ஒரு எண்ணாக இருப்பார். எந்த எண்கள் யாருக்கு என்பதை /ஈடிசி/சப்யூஐடி, /ஈடிசி/சப்ஜிஐடி ஆகிய கோப்புகள் சொல்கின்றன. விஎம்மில் முதலில் உருவான பயனருக்கு 100000-லிருந்து 65536 எண்கள் கிடைக்கும், அடுத்தவருக்கு 165536-லிருந்து. நண்பரின் கான்ஃபிகை அப்படியே நகல் எடுத்து வந்தால், அதில் 100000 என்று இருக்கும், உங்கள் கணக்கோ இரண்டாவதாக இருக்கும். அந்த எண்வரிசைக்கு அனுமதி இல்லை என்று, மேப்பிங்கை அமைக்கும் நியூயூஐடிமேப் கட்டளை மறுத்துவிடும். உங்கள் நண்பர்கள் ஒரே விஎம் கோப்பைப் பகிர்ந்துகொள்பவர்கள் என்றால் இதை முதலில் பாருங்கள். ரூட் அடைவை டார் கட்டி வேறு விஎம்முக்குக் கொண்டுபோகும்போதும் உரிமையாளரைப் பெயராக இல்லாமல் எண்ணாகவே காக்கும் ஆப்ஷனைப் போட வேண்டும்.

இதில் இன்னொன்று. உபுண்டு 21.04-லிருந்து ஹோம் அடைவின் அனுமதி 750. முன்பு 755. கன்டெய்னரின் கோப்புகள் உங்கள் ஹோமுக்குள் இருக்கின்றன, 100000 எண் பயனரோ வெளியாள், வாசலிலேயே நின்றுவிடுகிறார். பிழைச் செய்தி தெளிவாகவே எக்ஸ் அனுமதி (அடைவுக்குள் நுழையும் உரிமை) கொடு அல்லது ஏசிஎல் (குறிப்பிட்ட பயனருக்கான தனி அனுமதி) சேர் என்று சொல்லும். அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் ஏசிஎல்லில் எக்ஸ் கொடுங்கள். முழு ஹோமையும் 777 ஆக்கச் சொல்லும் அறிவுரையைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். உங்கள் எஸ்எஸ்எச் சாவிகளும் அங்கேதான் இருக்கின்றன.

சூடோ எஸ்யூ வழியாக வேறு பயனராக மாறி, அவர் பெயரில் கன்டெய்னரை எழுப்ப முயன்றாலும் தோற்கும். அப்படி மாறும்போது அவருக்குச் சரியான லாகின் செஷன் அமைவதில்லை, எழுதும் உரிமையுள்ள சிகுரூப்பும் கிடைப்பதில்லை. அந்தப் பயனராகவே எஸ்எஸ்எச்சில் நுழைந்து, சிஸ்டம்டி-ரன் கட்டளையில் யூசர் ஸ்கோப்பும் டெலிகேட் உரிமையும் கொடுத்து எழுப்புங்கள்.

விஎம்மில் மட்டுமே வரும் ஒரு தவறு: இடம் போதவில்லை என்று கன்டெய்னரின் ரூட் அடைவை விர்ச்சுவல்பாக்ஸ் ஷேர்டு ஃபோல்டரில் வைப்பது. அந்தக் கோப்பமைப்பில் உரிமையாளரை மாற்ற முடியாது. கன்டெய்னரின் கோப்புகள் எல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தமாகக் கிடக்கும். இனிட் எழுந்தாலும் நிற்காது. இன்னொரு விர்ச்சுவல் டிஸ்க் சேர்த்து எக்ஸ்ட்4 போட்டு அதில் வையுங்கள். டபிள்யூஎஸ்எல்2-உம் ஒரு விஎம்தான், அங்கே சி டிரைவை இதே வேலைக்குப் பயன்படுத்தினால் இதே கதைதான். ஆப்பிளின் எம் வரிசை மேக்கில் விஎம் என்றால் அது ஆர்ம் 64. இன்டெல் இமேஜைக் கொண்டுவந்தால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். மிகப் பழைய கான்ஃபிக் கோப்பு என்றால் எல்எக்ஸ்சி 2.1-இல் பல அமைப்புகளின் பெயர்கள் மாறின, 3.0-வில் பழைய பெயர்களுக்கான ஆதரவு நீக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்; எல்எக்ஸ்சி-அப்டேட்-கான்ஃபிக் மாற்றிக் கொடுக்கும்.

என்னை அதிக நாள் அலைய வைத்த கோளாறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பயிற்சி வகுப்புக்காக ஒரே பெரிய விஎம்மில் மாணவருக்கு ஒரு கன்டெய்னர் என்று அமைத்தோம். முதலில் எழுப்பியவை நன்றாக ஓடின. ஒரு எண்ணிக்கைக்கு மேல் எதை எழுப்பினாலும் பாதியில் நின்றது. நின்ற கன்டெய்னரை மட்டும் தனியாக எழுப்பினால் ஒழுங்காக ஓடியது. ராம் இருந்தது, டிஸ்க் இருந்தது. இரண்டு நாள் அந்தக் கன்டெய்னர்களின் இமேஜையே சந்தேகப்பட்டேன். கடைசியில் கன்சோலில், டைரக்டரியைக் கண்காணிக்க முடியவில்லை, ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்ற வரி கண்ணில் பட்டது. கோப்புகளுக்கான உலிமிட்டை ஏற்றிப் பார்த்தேன், பயனில்லை. உண்மையில் தீர்ந்துபோனது ஐநோட்டிஃபை (கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கர்னல் வசதி) இன்ஸ்டன்ஸ். கர்னலில் ஒரு பயனருக்கு இயல்பாக 128-தான். எல்லாக் கன்டெய்னரும் ஒரே யூஐடி மேப்பிங்கில் இருந்ததால், எல்லா ரூட்டும் கர்னலின் கண்ணுக்கு ஒரே 100000 எண் பயனர். இத்தனை பேரும் அந்த 128-ஐப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். விஎம்மின் சிஸ்கன்ட்ரோலில் எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_இன்ஸ்டன்ஸஸ் மதிப்பை ஏற்றியதும் அத்தனையும் எழுந்தன. பத்துக்கு மேல் கன்டெய்னர் வைக்கப் போகிறீர்கள் என்றால் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். ஒரு பயனருக்கான கர்னல் கீ எண்ணிக்கையும் இயல்பாக 200-தான், அதையும் சேர்த்து ஏற்றிவிடலாம்.

கடைசியாக, எழுந்தும் எழாதது போலத் தோன்றும் நிலை. கன்டெய்னர் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு அப்புறம் லாகின் காட்டினால், நெட்வொர்க் வரும்வரை காத்திருக்கும் சர்வீஸ் தன் 120 விநாடியை எண்ணிக்கொண்டிருந்தது என்று பொருள். எல்எக்ஸ்சி தானே அமைக்கும் பிரிட்ஜின் இயல்பான முகவரி 10.0.3.0/24. விர்ச்சுவல்பாக்ஸில் முதல் நாட் அடாப்டர் 10.0.2.0, இரண்டாவதும் நாட் என்றால் அது 10.0.3.0. பின்னால் ஒரு நாள் இரண்டாவது அடாப்டர் சேர்த்தால் இரண்டும் மோதும். /ஈடிசி/டிஃபால்ட்/எல்எக்ஸ்சி-நெட் கோப்பில் வேறு முகவரி கொடுங்கள்.

கன்டெய்னரை விஎம்மின் வெளி நெட்வொர்க்கோடு நேரடியாகப் பிரிட்ஜ் செய்திருந்தால் மட்டும் விஎம்முக்கு வெளியே போக வேண்டியிருக்கும். கன்டெய்னருக்குத் தனி மேக் முகவரி இருக்கிறது, ஹைப்பர்வைசருக்கு (விஎம்மை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்கு) அந்த முகவரி தெரியாது, பாக்கெட்டுகளை வாசலிலேயே கொட்டிவிடுகிறது. விர்ச்சுவல்பாக்ஸில் அடாப்டரின் ப்ராமிஸ்குவஸ் மோடை ‘அலவ் ஆல்’ ஆக்குங்கள். ஹைப்பர்-வியில் மேக் அட்ரஸ் ஸ்பூஃபிங் என்ற டிக். விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐயில் ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸும் ப்ராமிஸ்குவஸும். கிளவுடில் இந்த அனுமதி பொதுவாகக் கிடைக்காது, அங்கே நாட் பிரிட்ஜோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர்களில் யாருக்காவது இதற்குப் பிறகும் எழவில்லை என்றால் மூன்று விஷயங்களை அனுப்பச் சொல்லுங்கள்: விஎம்மின் யூநேம் வெளியீடு, /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்புக்கு ஸ்டாட் சொன்ன பதில், டீபக் லாகில் முதல் எரருக்கு மேலே பத்து வரி, கீழே பத்து வரி. லாகைப் படமாக எடுக்காமல் எழுத்தாகவே அனுப்பட்டும், பார்த்துச் சொல்கிறேன்.